பனிமனிதனை எரிக்கும் திங்கட்கிழமை

அன்பான பெற்றோருக்கு,

வணக்கம். வரும் திங்கள் மாலை தமிழ் வகுப்பு இல்லை. அன்றைக்கு சூரிச்சில் செக்ஸெலொய்த்தன் என்ற இளவேனில் திருவிழா. விழா நடக்கும் பெல்வூ பக்கம் டிராம் ஒழுங்காக ஓடாது, பிள்ளைகளும் எப்படியும் பியோக் என்ற பனிமனிதப் பொம்மை எரிவதைப் பார்க்கத்தான் போவார்கள்.

போகட்டும். "டீச்சர், அது ஏதோ பழைய சமயத்துச் சடங்காமே, பேயை எரிக்கிறார்களாமே, விடலாமா?" என்று உங்களில் சிலர் வாசலில் மறித்துக் கேட்டதால்தான் இதை எழுதுகிறேன். குளிர்காலத்தைப் பொம்மையாகச் செய்து அழிப்பது கிறிஸ்தவத்துக்கு முந்திய வழக்கம் என்று ஐரோப்பாவில் பலர் சொல்வார்கள். போலந்தில் மர்சானா என்ற வைக்கோல் பொம்மையைப் பள்ளிப் பிள்ளைகளே ஆற்றில் விடுகிறார்கள், 1420இல் தேவாலயம் தடுத்துப் பார்த்தும் அது நிற்கவில்லை. ஆனால் சூரிச்சின் கதையில் அவ்வளவு மர்மம் இல்லை. கோடைக்காலத்தில் ஆறு மணியோடு வேலை முடிகிறது என்று மணியடித்து அறிவித்த கைவினைச் சங்கங்களின் வழக்கம் ஒன்று, கிராட்ஸ் பகுதிக் குழப்படிப் பொடியன்கள் இளவேனில் தொடக்கத்தில் துணிப்பொம்மை கொளுத்திய வழக்கம் இன்னொன்று. 1902இல் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். பூசையும் இல்லை, மந்திரமும் இல்லை. அப்பாவின் தோளில் ஏறியிருந்து சூரன் போர் பார்த்த நாம் இதற்குப் பயப்படுவதா?

ஆறு மணிக்கு சென்ட் பீட்டர் தேவாலய மணி அடித்ததும் விறகுக் குவியலுக்குத் தீ வைப்பார்கள், சங்கத்துக்காரர் குதிரையில் சுற்றி வருவார்கள். குவியலின் மேல் நிற்கும் பியோக்கின் தலை சீக்கிரம் வெடித்தால் கோடை நல்லது என்பது நம்பிக்கை. 2023இல் 57 நிமிடம் இழுத்தது, ஆனாலும் அந்தக் கோடையில் வெயில் கொளுத்தித் தள்ளியது, ஆகவே சாத்திரத்தைப் பெரிதாக நம்ப வேண்டாம். அடுத்த வருடம் காற்று பலம் என்று தீயே வைக்காமல் விட்டு, யூன் மாதம் அப்பென்செல் பக்கம் ஹைடன் என்ற ஊரில் கொண்டுபோய் எரித்தார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் கட்டாயம் கவனியுங்கள். அந்தத் தலைக்குள் இருப்பது வெடி, சத்தம் பலமாக இருக்கும். போர்க்காலத்தில் ஊரில் இருந்துவிட்டு வந்த அம்மம்மா, தாத்தாவைக் கூட்டிப்போவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அவர்கள் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஞாயிறு நடக்கும் சிறுவர் ஊர்வலமே போதும் என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம் வீட்டுவேலை, இல்லாமல் விடுவேனா! தலை எத்தனை நிமிடத்தில் வெடிக்கும் என்று ஒவ்வொரு பிள்ளையும் முன்னரே தமிழில், எண்ணாக இல்லாமல் எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். பார்த்து வந்தபின் அதைப் பற்றி ஐந்து வரி. போக முடியாதவர்கள் தொலைக்காட்சியில் நேரலை பார்த்து எழுதலாம். அம்மா எழுதிக் கொடுத்தால் எனக்கு உடனே தெரிந்துவிடும்.

இரவு அந்தத் தணலில் எல்லோரும் செர்வலா என்ற சொசேஜ் சுடுவார்கள், பிள்ளைகளுக்கும் நீட்டுவார்கள். அதில் மாடும் பன்றியும் இருக்கும். சைவம் சாப்பிடும் வீடுகள் சோளப்பொத்தி கொண்டுபோங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்