ஏழாம் கேள்வியை எடுத்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ஆன்லைன் விளையாட்டு அடிமைத்தனம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை பாதியில் மடித்து வைத்துவிட்டேன். ‘திரையை அணைத்தால் அணைந்துபோகும் நட்பு’ என்று அதில் ஒரு வரி இருக்கிறது. பக்கத்திலேயே, உங்கள் பிள்ளை அடிமையா என்று கண்டுபிடிக்கப் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு பெட்டி. ஏழாவது கேள்வி: ‘நேரில் பார்த்திராதவர்களை நண்பர்கள் என்று சொல்கிறானா?’ ஆம் என்றால் ஒரு மதிப்பெண்.

எனக்கு வயது 43. அந்தக் கேள்விக்கு என் பதில் ஆம்.

என் அம்மா பக்கவாதத்தில் விழுந்து மூன்று ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், தவறினால் படுக்கைப்புண் வந்துவிடும். இடையில் எனக்குத் தூக்கம் பிடிக்காது. அந்த நேரத்தில் யாரிடம் பேசுவது? சொந்தக்காரர்கள் எல்லாம் உறங்கும் வேளை. பகலில் அவர்கள் விசாரிக்க வரும்போது எனக்குக் கண் சொருகும். அண்ணன் மகன் கைப்பேசியில் ஏற்றிக்கொடுத்த ஒரு விளையாட்டை அப்படித்தான் தொடங்கினேன். எங்கள் அணியில் ஐந்து பேர். ஒருவர் லாரி ஓட்டுநர், ஒருத்தி கல்லூரி மாணவி, ஒருவர் இரவுப்பணிச் செவிலியர். வயதில் மூத்தவரை எல்லோரும் அண்ணா என்றே கூப்பிட்டோம். நான் ஹீலர். அடிபட்டு விழுகிறவர்களுக்கு உயிர் ஏற்றுவது என் வேலை.

ஓர் இரவு ஒரே இடத்தில் மூன்று முறை அவர்களைச் சாகவிட்டேன். கை ஓடவில்லை. மற்ற மூவரும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அண்ணா மட்டும் மைக்கை அணைக்கவில்லை. ‘ஏனம்மா, ராத்திரி முழுக்கத் தூங்கி எத்தனை நாள் ஆகிறது?’ என்று கேட்டார். அந்த மூன்று ஆண்டுகளில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அம்மா எப்படி இருக்கிறார் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். வாழ்ந்தது போதும் என்று சில வாரங்களாகவே தோன்றிக்கொண்டிருப்பதை அவரிடம்தான் முதன்முதலில் சொன்னேன். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. விடியும்வரை பேச்சுத் தொடர்பைத் துண்டிக்காமல் இருந்தார். நடுவில் நான் எழுந்துபோய் அம்மாவைப் புரட்டிவிட்டு வந்தபோதும் அங்கேயே இருந்தார். மறுநாள் ஒரே ஒரு வரி அனுப்பினார்: ‘மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கியாயிற்றா?’ வாங்கும்வரை தினமும் அதே வரி வந்தது.

மருத்துவர் மனச்சோர்வு என்றார். பதினொரு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். முதல் நாள் அவர் என்னைக் கேட்டார், யார் சொல்லி வந்தீர்கள் என்று. விளையாட்டில் கிடைத்த ஒரு நண்பர் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. என் கோப்பில் ‘ஆதரவு’ என்று இருந்த இடத்தில் ‘நண்பர்கள் உண்டு’ என்று எழுதிக்கொண்டார். அவர் ஆதரவு என்று குறித்துக்கொண்டதை, ஐயா, நீங்கள் நோயின் அறிகுறியாக எண்ணி மதிப்பெண் போடுகிறீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் விளையாட்டுக் கோளாறைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது, 2022 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. நீங்களே செய்தி போட்டீர்கள். அதில் மூன்று அடையாளங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. விளையாடுவதைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி அது முன்னே வந்து நிற்பது, கேடு விளைகிறது என்று தெரிந்தும் தொடர்வது. பொதுவாக இது 12 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும். நண்பர்களை நேரில் பார்த்திருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. 2022இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறத்தாழ 39,000 பேரின் ஆட்ட நேரத்தை நிறுவனங்களிடமிருந்தே வாங்கிப் பார்த்தார்கள். எத்தனை மணி நேரம் ஆடினார்கள் என்பதால் மனநலத்தில் சொல்லத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. விரும்பி ஆடுகிறார்களா, விட முடியாமல் ஆடுகிறார்களா என்பதில்தான் வேறுபாடு தெரிந்தது. இதையெல்லாம் ஒரு வாசகி எழுதித் தெரிவிக்கும்படி உங்கள் இதழ் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இருபது ஆண்டுகளாகச் சந்தா கட்டுகிறவள் நான்.

இது முதல் முறையும் அல்ல. விளையாட்டு என்றாலே இருட்டறையில் நீல வெளிச்சம் விழுந்த ஒரு சிறுவனின் முகத்தைத்தான் ஒவ்வொரு முறையும் போடுகிறீர்கள். என் வயதுப் பெண்ணை ஒருமுறைகூடப் போட்டதில்லை. பணம் கட்டி ஆடும் சூதாட்டத்தையும் நாங்கள் ஆடுவதையும் ஒரே தலைப்பில் சேர்த்துக் கட்டுகிறீர்கள். சென்ற ஆண்டு கேள்வி பதில் பகுதியில் ஒரு தாய்க்கு, ‘கைப்பேசியைப் பிடுங்கி ஒளித்து வையுங்கள், ஒரு வாரத்தில் சரியாகிவிடும்’ என்று பதில் வந்தது. பள்ளியில் யாரும் சேர்த்துக்கொள்ளாத அந்தப் பிள்ளைக்கு அதற்குள்ளே யார் இருந்தார்கள் என்று பதில் எழுதியவர் கேட்கவே இல்லை. அந்த வாரம் முழுக்க நான் அவனையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதே இதழில்தான், நேரில் கண்டிராத கோப்பெருஞ்சோழனுக்காகப் பிசிராந்தையார் வந்து வடக்கிருந்ததைப் போற்றி ஒரு முழுப்பக்கம் வந்திருந்தது.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் நைச்சியமாகப் பேசிப் படம் கேட்கிறவர்கள் உள்ளே இருக்கிறார்கள். பெண் குரல் கேட்டதும் வாய்க்கு வந்தபடி பேசுகிறவர்கள் உண்டு. முதல் நான்கு மாதம் நான் மைக்கையே திறக்கவில்லை. தினமும் வராவிட்டால் பரிசு போய்விடும் என்று ஆட்களைக் கட்டிப்போடுகிறது அந்த விளையாட்டு. இவற்றைப் பற்றி எழுதுங்கள், நானே விவரம் தருகிறேன்.

அண்ணா இப்போது இல்லை. ஐந்து வாரமாக அவர் வராததால் நாங்கள் பயந்துபோயிருந்தோம். ஒருநாள் அவர் கணக்கிலிருந்து செய்தி வந்தது. எழுதியவர் அவருடைய மகள். ‘அப்பா தவறிவிட்டார். உங்கள் நான்கு பேருக்கும் சொல்லிவிடச் சொன்னார்.’ அன்று அலுவலகத்தில் அழுதுவிட்டேன். பக்கத்து இருக்கையில் இருப்பவர் யாருக்கு என்ன என்று பதறிப்போய்க் கேட்டார். சொன்னேன். ‘நேரில் பார்த்ததே இல்லையா?’ என்றார். அதன்பிறகு ஆறுதலாக ஒரு வார்த்தை அவரிடமிருந்து வரவில்லை. உங்கள் கட்டுரை வந்தது அதற்கு மூன்றாம் வாரம்.

நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞர், தசைச்சிதைவு நோயால் 2014இல் தம் 25ஆம் வயதில் இறந்தார். மகனுக்கு நண்பர்களே இல்லாமல் போயிற்று என்று பெற்றோர் நினைத்திருந்தார்கள். அவருடைய வலைப்பதிவில் மரணச் செய்தியைப் போட்ட பிறகு, அவரோடு விளையாடியவர்களிடமிருந்து பல நாடுகளிலிருந்தும் கடிதங்கள் வந்து குவிந்தன. சிலர் இறுதிச் சடங்குக்கே வந்து நின்றார்கள். எங்களால் அண்ணாவின் காரியத்துக்குப் போக முடியவில்லை. அந்த வருத்தம் எங்களுக்குத் தீராது.

நான் கேட்பது சிறிய விஷயம். அந்தப் பத்துக் கேள்விப் பெட்டியைப் பள்ளி விடுமுறை தொடங்கும்போதெல்லாம் மறுபடி போடுகிறீர்கள். அடுத்த முறை ஏழாம் கேள்வியை எடுத்துவிடுங்கள். பத்து என்ற கணக்குக்கு ஒன்று வேண்டுமென்றால், ‘அந்த நண்பர்கள் யார் என்று உங்கள் பிள்ளையிடம் கேட்டிருக்கிறீர்களா?’ என்று பெற்றோரைக் கேளுங்கள்.

கடிதம் நீண்டுவிட்டது. சுருக்குவதானால் சுருக்கிக்கொள்ளுங்கள். மருத்துவர் என் கோப்பில் எழுதிய அந்த இரண்டு சொற்களை மட்டும் வெட்ட வேண்டாம். என் பெயரையும் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி