தெமெங்கோர் ஏரிக்கு ஆகாத படகுகளும் பிடித்துவைத்த வைப்புத்தொகையும்: ஒரு புகார்

அனுப்புநர்:
படகுக் குழு, தோட்ட இளைஞர் மன்றம்,
சுங்கை சிப்புட், பேராக்.

பெறுநர்:
நிர்வாகி அவர்கள்,
பாய்மரப் படகு வாடகைப் பிரிவு.

பொருள்: 900 ரிங்கிட் வைப்புத்தொகையையும் வாடகையில் ஒரு பகுதியையும் திருப்பித் தரக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடந்த மாதம் இரண்டாவது சனி, ஞாயிறு இரண்டு நாளும் தெமெங்கோர் ஏரியில் 18 பேர் பாய்மரப் படகு ஓட்ட, உங்களிடம் 6 படகுகளை 1,680 ரிங்கிட்டுக்கு வாடகைக்கு எடுத்தோம். திரும்பி வந்த மூன்றாம் நாள், "சரளைக்கல்லில் இழுத்ததால் இரண்டு படகுகளின் அடிப்பாகம் உடைந்துவிட்டது, வைப்புத்தொகை கிடையாது" என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினீர்கள். இதை நாங்கள் ஏற்கவில்லை. பேசி முடித்த படகுகளை விட்டுவிட்டு, அந்த ஏரிக்கே ஆகாத படகுகளைக் கொண்டுவந்து இறக்கியதால்தான் அவை உடைந்தன.

பேசியது என்ன? படகுக்கு மூவர் ஏறும் 14 அடிப் படகுகள் ஆறு. ஆறிலும் நடுப்பலகை (படகு பக்கவாட்டில் நகராமல் இருக்க அடியில் தண்ணீருக்குள் இறக்கும் பலகை) கீலில் சுழலும் வகையாக இருக்க வேண்டும். இதை எழுத்தில் கேட்டோம், "சரி" என்று எழுத்தில் பதில் தந்தீர்கள். வந்தவற்றில் இரண்டுதான் அந்த வகை. மற்ற நான்கிலும் மேலிருந்து நேராகச் செருகும் பலகை. உங்கள் ஊழியர் "பலகை மட்டும்தான் வேறு, பாதி தூக்கி வைத்து ஓட்டுங்கள்" என்றார்.

பலகைதான் இங்கே எல்லாமே. தெமெங்கோர் இயற்கையாக அமைந்த ஏரி அல்ல. 1970களில் பேராக் ஆற்றை அணை கட்டித் தடுத்தபோது மூழ்கிய காடு அது. மரங்கள் முழுதாக வெட்டப்படவில்லை. இன்றும் தண்ணீருக்கடியில் அடிமரங்கள் நின்ற வாக்கிலேயே நிற்கின்றன. மின்சாரத்துக்காக நீர் திறந்துவிடப்பட்டு மட்டம் இறங்கினால், போன மாதம் ஆழத்தில் இருந்த மர நுனி இந்த மாதம் ஒரு முழ ஆழத்துக்கு வந்துவிடும், ஆனால் மேலிருந்து பார்த்தால் தெரியாது. கீலில் சுழலும் பலகை அதில் மோதினால் பின்னோக்கி மடங்கி மேலே ஏறிக்கொள்ளும். "டொக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், படகு போய்க்கொண்டே இருக்கும். செருகு பலகைக்கு மடங்க வழியில்லை. படகு சட்டென்று நிற்கும், உள்ளே இருப்பவர்கள் பாய்மரத்தின் மேல் போய் விழுவார்கள், முழு வேகமும் பலகை செருகியிருக்கும் கூட்டில் இறங்கும்.

பாதி தூக்கி வைப்பதும் தீர்வாகாது. பலகை போதாமல் போனால் காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும். அந்தப் பக்கம் இருப்பது மரங்கள் நிற்கும் கரை. மேலே துருத்திக்கொண்டிருக்கும் பலகைத் தலையோ, பாயை மறுபக்கம் மாற்றும்போது பாயின் அடிக்கழியில் இடிக்கும். இதை அன்றே படகுத்துறையில் உங்கள் ஊழியரிடம் சொன்னோம்.

இப்போது உடைப்புக்கு வருகிறோம். படகைச் சரளையில் இழுத்திருந்தால் அடிப்பாகத்தின் நடுக்கோடு முழுக்க நீளநீளமாகக் கீறல் விழுந்திருக்கும். இணைத்துள்ள 1, 2 ஆம் படங்களைப் பாருங்கள், நடுக்கோட்டில் பூச்சு அப்படியே இருக்கிறது. விரிசல் இரண்டே இடத்தில்தான்: பலகைக் கூட்டின் கீழ் வாயில் பின்பக்க ஓரம், மேல் வாயில் முன்பக்க ஓரம். நேர் எதிரே இருக்கும் மரத்தில் பலகையின் நுனி மோதினால், கீழ்ப்பகுதி பின்னால் தள்ளப்படும், தலைப்பகுதி நெம்புகோல் போல முன்னால் உந்தும். அப்படி மோதும்போது மட்டுமே இந்த இரண்டு ஓரமும் சேர்ந்து பிளக்கும். கரையில் இழுக்கும்போது பலகை கூட்டுக்குள்ளேயே இருக்காது, அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் படகைத் தூக்குவோம்.

3 ஆம் படம் இன்னும் முக்கியம். நான்காம் எண் படகில், புது விரிசலுக்குள்ளே பழைய பழுதுபார்ப்பு தெரிகிறது. பிசின் மஞ்சளாகிவிட்டது. கண்ணாடி இழை நகத்தால் சுரண்டினாலே நாராகப் பிரிந்து வருகிறது. இழைக்குள் பழுப்பு நீர்க்கறை ஏறியிருக்கிறது. இரண்டு நாளில் இப்படிக் கறை ஏறாது. முன்பே அதே இடத்தில் உடைந்து, மேலே வெள்ளைப் பூச்சு பூசி மறைக்கப்பட்ட படகு அது. பழைய உடைப்புக்கு எங்கள் காசைப் பிடிப்பது எந்த நியாயம்?

நேரத்தையும் சொல்ல வேண்டும். படகுகள் காலை 9 மணிக்கு வரும் என்றீர்கள், வந்தது 12.40க்கு. அந்த மலைகளுக்கு நடுவே காலையில் காற்றே இருக்காது. பத்தரை, பதினொன்றுக்கு மேல்தான் பாய் நிமிரும். மூன்று மணிக்கு மேல் மலை முகட்டில் மேகம் கறுத்தால், இடியோடு திடீர்க் காற்று இறங்கும். ஆக ஒரு நாளில் நிம்மதியாக ஓட்டக் கிடைப்பது நான்கு மணி நேரம். அதற்காகத்தான் விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு கிரிக் வழியாக ஏரியிலுள்ள பண்டிங் தீவுக்கு வந்து சேர்ந்தோம். பாய்மரம் நிறுத்தி, கயிறு கட்டி, சுக்கான் மாட்டி முடிக்கவே 45 நிமிடம். சனிக்கிழமை ஓட்டக் கிடைத்தது ஒன்றரை மணி நேரம்தான்.

பாய்மர உச்சியில் கட்டும் மிதவை ஆறில் ஒன்றில்கூட இல்லை, "கிடங்கில் இருக்கிறது" என்றார்கள். இது சில்லறை விஷயமல்ல. மிதவை இருந்தால் கவிழும் படகு பக்கவாட்டிலேயே நிற்கும். இல்லாவிட்டால் தலைகீழாகப் புரளும், பாய்மரம் நேரே கீழே போய் மூழ்கிய கிளைகளுக்குள் சிக்கும். பிறகு ஆள் பலத்தால் மட்டும் நிமிர்த்த முடியாது. இரண்டு படகுகளில் சுக்கான் கழன்று விழாமல் பிடிக்கும் கிளிப்பும் இல்லை, நாங்களே கயிறு போட்டுக் கட்டினோம்.

எல்லாவற்றையும்விட எங்களுக்கு வலித்தது உயிர்காப்பு அங்கி விவகாரம். பிள்ளைகள் ஆறு பேரின் எடையையும் ஒவ்வொன்றாக எழுதி அனுப்பியிருந்தோம், 32 கிலோவிலிருந்து 47 கிலோ வரை. வந்த 18 அங்கிகளும் பெரியவர் அளவு, 50 நியூட்டன் (ஆளை மிதக்கவைக்கும் விசையின் அளவு) வகை. அந்த வகை, நீந்தத் தெரிந்தவருக்கும் உதவி பக்கத்திலேயே இருக்கும் இடத்துக்கும் உரியது. பிள்ளைகளுக்கு 100 நியூட்டன் கேட்டிருந்தோம். அங்கியை மாட்டி, வாரை இறுக்கி, தோள்பட்டையில் கைகொடுத்து மேலே தூக்கிப் பார்த்தோம். நான்கு பிள்ளைகளுக்கு அது காதைத் தாண்டி மேலே போனது. தண்ணீரில் விழுந்தால் அங்கி மிதக்கும், பிள்ளை நழுவிக் கீழே போகும். அதனால் அந்த நான்கு பேரையும் இரண்டு நாளும் கரையிலேயே உட்கார வைத்தோம். வாரக்கணக்காக முடிச்சுப் போடப் பழகிவிட்டு வந்த பிள்ளைகள்.

அன்றே படகுகளை மறுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். 18 பேர் வந்து இறங்கிய பிறகு, பணம் முழுவதும் கட்டிய பிறகு, மாற்றுப் படகு தர உங்களிடம் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் எடுத்துக்கொண்டோம். எடுக்கும்போதே எங்கள் ஆட்சேபத்தை உங்கள் ஒப்படைப்புத் தாளில் எழுதி, உங்கள் ஊழியரிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறோம். நகல் இணைப்பில் உள்ளது.

நாங்கள் கேட்பது: வைப்புத்தொகை 900 ரிங்கிட் முழுவதும். பேச்சுக்கு மாறாக வந்த நான்கு படகுகளின் வாடகையில் பாதி, அதாவது 560 ரிங்கிட். மொத்தம் 1,460 ரிங்கிட். கடிதம் கிடைத்த 14 நாளுக்குள் இது வராவிட்டால், 1999 ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு செய்வோம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை.

அதுவரை நான்காம் எண் படகை ஒட்டவோ பூசவோ வேண்டாம். விரிசல் இப்போது இருக்கிறபடியே இருக்கட்டும், இரு தரப்பும் சேர்ந்து பார்க்க நாங்கள் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வரத் தயார். அதைவிட அவசரமாக இன்னொன்று: அடுத்த வாரம் வேறொரு குழு அதே படகுகளை எடுக்கவிருப்பதாக உங்கள் ஊழியர் சொன்னார். அவர்களுக்குச் செருகு பலகைப் படகுகளைத் தராதீர்கள். தருகிற படகுகளில் பாய்மர மிதவையைக் கட்டிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
படகுக் குழுவினர்,
சுங்கை சிப்புட்.

இணைப்பு: படங்கள் 3, ஒப்படைப்புத் தாள் நகல், வாட்ஸ்அப் உரையாடல் நகல், கட்டண ரசீது.