மார்ச் மாதம் ஏன்? வலென்சியா பயணம் பற்றி ஒரு விளக்கம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பியத் திருவிழாப் பயணம் அறிவித்த நாளிலிருந்து போனில் வரும் முதல் கேள்வி, “மே லீவில் வைக்கக் கூடாதா? மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பரீட்சை” என்பதுதான். நியாயம்தான். ஆனால் ஸ்பெயினின் வலென்சியா நகரத்து ஃபாயாஸ் திருவிழா, தச்சர்களின் பாதுகாவலரான புனித சூசையப்பர் திருநாளான மார்ச் 19 அன்று முடிகிறது. அந்தத் தேதி எந்த ஆண்டும் நகராது.

குளிர்காலத்தில் விளக்கு மாட்டியிருந்த மரத்தண்டுகளை, வெயில் திரும்பியதும் தச்சர்கள் பட்டறை வாசலில் போட்டுக் கொளுத்துவார்களாம். அதில் தொடங்கியது என்பது ஊர்க்கதை. இன்று கொளுத்துவது மாடிக் கட்டட உயரத்துப் பொம்மைக் கோபுரங்களை. மரம், அட்டை, தெர்மோகோலால் ஆன இவை தெருவுக்குத் தெரு நிற்கும். அரசியல்வாதிகள் யாரும் கிண்டலுக்குத் தப்புவதில்லை. மாதக்கணக்கில் செய்ததெல்லாம் 19 இரவு சாம்பல். மக்கள் வாக்களித்து எரிக்காமல் மன்னிக்கும் பொம்மை மட்டும் அருங்காட்சியகத்துக்குப் போகிறது. 1934 முதல் இந்த வழக்கம். 2016-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் ஃபாயாஸ் சேர்ந்தது.

எங்களுக்குப் பிடித்தது எரிப்பதைவிட மஸ்க்லெதாதான். மார்ச் 1 முதல் 19 வரை தினமும் பகல் 2 மணிக்கு நகராட்சிச் சதுக்கத்தில் வெடிக்கும் அதிர்வேட்டு. பட்டப்பகலில் வாணத்தைப் பார்த்து என்ன பயன் என்று கேட்காதீர்கள். இது காதால் பார்ப்பது. மெதுவாகத் தொடங்கி, தாளம் ஏறி, கடைசியில் நெஞ்சுக்கூடு அதிரும். காதைப் பொத்தாமல் வாயைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்வார்கள் உள்ளூர்க்காரர்கள். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

சென்ற முறை நாங்கள் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறோம். நகர மையத்திலேயே அறை போட்டுவிட்டோம். காலை 8 மணிக்குப் பட்டாசு வீசி ஊரை எழுப்புவது அங்கே வழக்கம். அதற்குச் சற்று முன்புதான் ராத்திரிப் பாட்டே ஓய்ந்திருக்கும். “தீபாவளிகூட ஒரு நாள்ல முடிஞ்சிடும் தம்பி” என்றார் ஒரு அம்மா. இம்முறை தள்ளி, மெட்ரோ நிலையம் அருகே அறை. திருவிழா நாட்களில் மையத்துச் சாலைகளை அடைத்துவிடுவதால் நிறைய நடக்க வேண்டும்.

சைவர்களுக்கு: பயேயா சோற்றில் வழக்கமாகக் கோழியும் முயலும் இருக்கும். காய்கறிப் பயேயா கிடைக்கும், ஆனால் எந்தச் சாற்றில் வேகவைத்தார்கள் என்று நாங்களே கேட்டு வாங்கித் தருவோம். பூசணிக்காய் மாவில் மெதுவடை போல நடுவில் ஓட்டை போட்டுப் பொரிக்கும் புன்யுவேலோஸைச் சுடச்சுடச் சாக்லேட்டில் தோய்த்துச் சாப்பிடுங்கள்.

தக்காளித் திருவிழாவைக் கேட்பவர்களும் உண்டு. ஆகஸ்ட் கடைசிப் புதனன்று புன்யோல் ஊரில் ஒரு மணி நேரம் தக்காளி அடிப்பார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காக இவ்வளவு விமானக் கட்டணம் வாங்க எங்களுக்கு மனம் வரவில்லை.

ஸ்பெயின் போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால், டிசம்பருக்குள் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிடுங்கள்.

மே மாதம்தான் முடியும் என்பவர்களுக்கு ஸ்பெயினிலேயே கோர்தோபா நகரம் இருக்கிறது. மே முதல் பாதியில் பழைய வீடுகளின் முற்றங்களைப் பூந்தொட்டிகளால் நிறைத்து எல்லாருக்கும் திறந்துவிடுவார்கள், வெடிச்சத்தம் கிடையாது. பத்துப் பேர் சேர்ந்தால் அதையும் ஏற்பாடு செய்கிறோம். விருப்பமுள்ளவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பயண ஏற்பாட்டாளர்கள்