செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போஷகர் ஐயா அவர்களே, வாசிகசாலை அங்கத்தவர்களே, வணக்கம்.

நிருவாக சபை ஒழுங்காகக் கூடியது. தைப்பொங்கல், வாணி விழா, மாரிக்கு முந்திய சிரமதானம் எல்லாம் வழமைபோல நடந்தன. கூரையில் உடைந்திருந்த ஓடுகள் மாற்றப்பட்டன.

மாதாந்த அறிவியல் உரை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உயர்தரப் பிள்ளைகள் பௌதிகவியலைக் கடந்தகால வினாத்தாளில் மட்டும் பார்க்கிறார்கள். உண்மையில் நடந்த சம்பவத்தில் வைத்துக் காட்டுவோம் என்று இதை முன்மொழிந்தவன் நான். முதல் உரைக்கு 1996 ஏப்ரல் 11 அமெரிக்காவின் ஷையான் விமான நிலைய விபத்தை எடுத்தேன். நாட்டைக் குறுக்கறுத்துப் பறந்து சாதனை செய்யப் புறப்பட்ட ஏழு வயது ஜெசிக்கா டுப்ரோஃப், தந்தை, பயிற்றுநர் மூவரும் அதில் இறந்தார்கள்.

நமது மட்டக்களப்பு ஓடுபாதை ஏறக்குறையக் கடல் மட்டத்தில் கிடக்கிறது. ஷையான் இருப்பது சுமார் 1,880 மீற்றர் உயரத்தில். அங்கே காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. எஞ்சின் வலு, விசிறியின் இழுவை, இறக்கையின் உயர்த்துவிசை மூன்றும் சேர்ந்தே குறையும். அவர்கள் போன செஸ்னா ரகச் சிறு விமானத்தில் அனுமதித்ததைவிட 96 இறாத்தல் பாரம் கூட; ஒரு சீமெந்துப் பையளவும் இல்லை. இடிமழையும் நெருங்கியிருந்தது. “இன்னும் கொஞ்சம் ஓடி எழும்பியிருக்கலாமே சேர்?” என்று ஒரு மாணவி கேட்டார். விமானம் எழும்பிவிட்டது பிள்ளை, ஏறத்தான் வலு போதவில்லை. மழைக்காற்றுக்குள் திரும்பும்போது வேகம் விழ, இறக்கை தாங்காமல் போனது என்று கரும்பலகையில் கீறிக் காட்டினேன். ஊடகங்களுக்குச் சொன்ன நேரத்தைக் காப்பாற்றும் அவசரத்தையும் விசாரணை அறிக்கை ஒரு காரணமாகக் குறித்திருக்கிறது. அந்த இடத்தில் மண்டபம் அப்படியே அமைதியாகிவிட்டது.

இவ்வளவையும் கேட்டவர்கள் பெரும்பாலும் மாணவர்கள். அங்கத்தவர் கதிரைகள் வெறுமையாகவே கிடந்தன. நிருவாக சபையிலிருந்துகூடச் சிலர் ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை. வேலை, வீட்டுச் சோலி எல்லோருக்கும் உண்டுதான். ஆனால் உரை தேவை என்று கை உயர்த்தியவர்களே வராதது எனக்கு மனவருத்தம்.

வரவு செலவைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். சுருக்கமாகச் சொன்னால், கையிருப்புச் சொற்பம், சந்தா நிலுவை அதிகம். உரைக்கு எடுக்கும் மல்டிமீடியாக் கருவியின் வாடகையைச் சில மாதங்களில் நானே கொடுத்துச் சமாளித்தேன்.

கணக்காய்வாளருக்கும், தேநீர் உபசரித்த மாதர் குழுவுக்கும், ஒலிபெருக்கி தந்த அன்பருக்கும் நன்றி.

அடுத்த உரைக்கு, 2,845 மீற்றர் உயரத்திலுள்ள நேபாளத்தின் லுக்லா விமான நிலையத்தை எடுக்க நினைத்திருக்கிறேன். அங்கே ஓடுபாதையின் நீளம் 527 மீற்றர்தான். 2019 ஏப்ரலில் எழ ஓடிய சிறு விமானமொன்று விலகி, நின்ற ஹெலிகொப்டர்களில் மோதியது. பிள்ளைகள் இப்போதே திகதி கேட்கிறார்கள். வாடகைக்கு வழி பிறந்தால்தான் நான் திகதி சொல்லலாம். நிலுவைச் சந்தாவை இன்று கூட்டம் முடிந்ததும் கட்டலாம். பற்றுச்சீட்டுப் புத்தகம் பொருளாளரிடம் இருக்கிறது.

இங்ஙனம்,
செயலாளர்