புதுச்சேரிக்கு ஒரு துப்பறியும் கேம் வேண்டும்: கேம் உருவாக்கும் இளைஞர்களுக்குத் திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

புதுச்சேரியிலும் கடலூரிலும் படித்துக்கொண்டே கேம் செய்து பழகும் உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடல். கையடக்க கன்சோலில், அதாவது கையில் பிடித்து விளையாடும் கேம் கருவியில், நிதானமாக விளையாட, தமிழில் ஒரு துப்பறியும் சாகச கேம் செய்து தாருங்கள்.

இந்த வகை கேமுக்கு விரல் வேகம் வேண்டாம். பார்க்கணும், பேசணும், யோசிக்கணும், அவ்வளவுதான். கடலூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் ஒரு சாட்சியை விசாரித்து முடித்துவிடலாம். நிறுத்தம் வந்ததும் கருவியை மூடினால் கதை அதே இடத்தில் காத்திருக்கும். நாள் முழுக்க வேலை பார்த்த மனிதருக்கு இதைவிட இதமான பொழுதுபோக்கு எனக்குத் தெரியாது.

நின்டெண்டோ டிஎஸ் கருவிக்கு 2007இல் வந்த 'ஹோட்டல் டஸ்க்' கேமைப் பாருங்கள். கருவியைப் பக்கவாட்டில் திருப்பி, புத்தகம் போலப் பிடித்து விளையாட வேண்டும். முன்னாள் போலீஸ்காரர் கைல் ஹைடின் குறிப்பேட்டில் நம் கையெழுத்திலேயே கிறுக்கி வைக்கலாம். அதே ஆண்டு ஜப்பானில் வெளியான முதல் 'பேராசிரியர் லேட்டன்' கேமில் புதிருக்கு விடை தப்பானால் புள்ளிதான் குறையும், ஆட்டம் முடிந்துபோகாது. தெருவில் கண்ட இடத்தையெல்லாம் தட்டிப் பார்த்துக் காசு சேர்த்தால், அதைக் கொடுத்துக் குறிப்பு வாங்கலாம். அந்தப் பெருந்தன்மையை நீங்களும் வையுங்கள். கேமே விளையாடாத அத்தையும் பெரியப்பாவும் அதனால்தான் உள்ளே வருவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 2001இல் கேம் பாய் அட்வான்ஸ் கருவியில் தொடங்கிய, நாம் வக்கீலாக வாதாடும் 'ஏஸ் அட்டர்னி' வரிசை. சாட்சி நாலைந்து வாக்கியம் சொல்வார், அதில் ஒன்று பொய். அதை உடைக்கும் ஆதாரத்தை எடுத்து நீட்டும் நொடிக்காகவே திரும்பத் திரும்ப விளையாடலாம். ஆனால் அந்தப் பொய்கள் எல்லாம் வேறு ஊர்ப் பொய்கள். நம் ஊர்ப் பொய் எப்படி இருக்கும்? மே மாதம் நடந்த கொலை. "அன்னிக்கு ராத்திரி விசைப்படகுல ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போயிருந்தேன்" என்கிறார் ஒருவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். விளையாடுபவர் அங்கேயே நிமிர்ந்து உட்காருவார்.

கதைக்கு அலைய வேண்டியதே இல்லை. பாரதியார் 1908 முதல் 1918 வரை இங்கே இருந்தார், 1910இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார்கள். பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த அவர்களைக் கண்காணிக்க பிரிட்டிஷ் உளவாளிகள் தெருவுக்குத் தெரு திரிந்தார்கள். அவர்களைச் சிக்கவைக்க ஐயர் வீட்டுக் கிணற்றில் யாரோ போலி ஆவணங்களைப் போட்டு வைக்க, தண்ணீர் இறைக்கும்போது அவை அகப்பட்டன. ஐயரும் நண்பர்களுமே பிரெஞ்சு போலீசுக்குத் தகவல் சொன்னார்கள். சோதனை போட அரவிந்தர் வீட்டுக்கு வந்த நீதிபதி, அங்கே இருந்த கிரேக்க, லத்தீன் புத்தகங்களைக் கண்டு வியந்து போனார். முதல் வழக்காக இதையே எடுத்துக்கொள்ளலாம். கிணற்றடி, வாளி, ஈரக் காகிதம், போட்டது யார்? பெரிய வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் தமிழர் தெருக்கள், அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர் தெருக்கள். வரைபடமும் தயாராகவே இருக்கிறது.

எழுத்துருவில் மட்டும் தயவுசெய்து கவனம் வையுங்கள். 'கொ', 'கை' போன்ற எழுத்துகளில் கொம்பு இடம் மாறி நின்றால் படிக்கிறவருக்கு உடனே வெறுத்துவிடும். கேம் செய்ய உதவும் மென்பொருளான, 2023இல் வந்த கோடாட் 4 இலவசம், தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும். சிறிய திரையில் ஒரு பெட்டிக்கு இரண்டு வரி போதும், எழுத்து பெரிதாக இருக்கட்டும். நின்டெண்டோவில் வெளியிட அவர்கள் அனுமதி வேண்டும். கணினி கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டினால் போதும், ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி வைத்திருப்பவர் கைக்குப் போய்விடும். முதல் கேம் அரை மணி நேரத்தில் முடிகிற ஒரே வழக்காக இருந்தாலும் சரி, முழுசாக முடித்துக் கொடுங்கள்.

வசனம் எழுத, பிழை திருத்த, ஊர்த் தகவல் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். மாதிரி தயாரானதும் முதலில் விளையாடிப் பார்க்கவும் ஆசையாக இருக்கிறேன்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து உங்கள் கேமுக்குக் காத்திருக்கும் ஒரு வாசகர்