அந்தச் சின்ன 2 எங்கிருந்து வந்தது?

வேதியியல் பாடநூல் எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். மாலையில் சில பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் கால்சியம் ஹைட்ராக்சைடின் வேதி வாய்ப்பாட்டை, Ca(OH)₂ என்று பலகையில் எழுதி, இதில் மொத்தம் எத்தனை அணுக்கள் என்று கேட்டேன். ஒருத்தி 3 என்றாள். அவள் எண்ணியது தனிமங்களை: கால்சியம், ஆக்சிஜன், ஹைட்ரஜன். இன்னொருவன் 4 என்றான். அடைப்புக்குறிக்கு வெளியே இருக்கும் 2-ஐ ஹைட்ரஜனுக்கு மட்டும் கொடுத்துவிட்டான். ஆக்சிஜனுக்கும் அதில் பங்கு உண்டு. விடை 5.

திருத்திக் கொடுத்ததும் அவள் கேட்டாள்: "தண்ணியில, H₂O-ல, ஹைட்ரஜன் ரெண்டுன்னு யாரு எண்ணிப் பார்த்தாங்க?"

உங்கள் நூலைப் புரட்டினேன். வாய்ப்பாடுகளின் அட்டவணைதான் இருந்தது.

அணுக்கொள்கையைத் தந்த ஜான் டால்டனே இதில் சறுக்கியவர்தான். 1808-இல் வெளியான நூலில், ஒரு ஹைட்ரஜனும் ஒரு ஆக்சிஜனும் சேர்ந்ததே நீர் என்று வைத்துக்கொண்டார். தராசு அவரைத் திருத்தியிருக்காது. நீரில் 1 கிராம் ஹைட்ரஜனுக்கு ஏறக்குறைய 8 கிராம் ஆக்சிஜன். ஒன்றுக்கு ஒன்று என்றால் ஆக்சிஜன் அணு ஹைட்ரஜன் அணுவைப் போல 8 மடங்கு கனம்; இரண்டுக்கு ஒன்று என்றால் 16 மடங்கு. எடையை வைத்து எது சரி என்று சொல்ல முடியாது.

பருமனை அளந்தால் சொல்லலாம். 2 லிட்டர் ஹைட்ரஜனும் 1 லிட்டர் ஆக்சிஜனும் சேர்ந்து 2 லிட்டர் நீராவி ஆகின்றன. வெப்பநிலையும் அழுத்தமும் ஒன்றாக இருந்தால், சம பருமனுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளும் சமம் என்று 1811-இல் இத்தாலிய அறிவியலாளர் அவகாட்ரோ சொன்னார். அப்படியானால் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு பாதியாகப் பிரிந்து இரண்டு நீர் மூலக்கூறுகளுக்குப் போயாக வேண்டும். இரண்டு ஹைட்ரஜனுக்கு ஓர் ஆக்சிஜன் என்ற கணக்கு இந்த வழியில் வந்ததுதான். 1860-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் நடந்த வேதியியலாளர் மாநாட்டில் கன்னிசாரோ என்ற வேதியியலாளர் எடுத்துச் சொன்ன பிறகுதான் பலரும் இதைக் காதில் வாங்கினார்கள். 50 ஆண்டு இழுபறி! இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கக் கூடாதா?

அப்புறம், 'உப்பு மூலக்கூறு' என்பதையும் எடுத்துவிடுங்கள். சோடியம் குளோரைடு படிகத்தில் ஒவ்வொரு சோடியம் அயனியை (மின்னேற்றம் பெற்ற அணுவை) சுற்றியும் 6 குளோரைடு அயனிகள். அதில் எது அதன் ஜோடி? அங்கே வாய்ப்பாடு சொல்வது விகிதத்தை மட்டும்தான்.

எழுத்துப் பிழைகளையும் பாருங்கள். சி, ஓ இரண்டும் பெரிய எழுத்தானால் கார்பன் மோனாக்சைடு. ஓ சிறிய எழுத்தானால் அது கோபால்ட். உங்கள் பயிற்சி வினா ஒன்றில் நச்சுவாயு உலோகமாகியிருக்கிறது.

அட்டவணை இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் அந்தப் பெண்ணின் கேள்வியை அச்சிடுங்கள், போதும்.

இப்படிக்கு,
உங்கள் நூலை வைத்துப் பாடம் நடத்தும் ஒருவர்