சத்துமாவுப் பெட்டியில் கூந்தன்குளம் பறவைகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நெல்லைப் பக்கம் சிறுதானியத்தில் பிள்ளைகளுக்கான காலை உணவு செய்து விற்கும் மகளிர் குழுக்களின் சரக்கு அருமையாக இருக்கிறது. ஆனால் பல பாக்கெட்டுகளில் பெரிய கம்பெனிகளின் சேவலும் புலியும், டிவி கார்ட்டூன் பொம்மைகளும்தான். பதிப்புரிமைச் சிக்கல் ஒருபுறம் இருக்கட்டும். நல்ல பொருளை நாமே போலி போலக் காட்டுவதுதான் மனசுக்குப் பொறுக்கவில்லை.

படத்துக்கா பஞ்சம்? நாங்குநேரி பக்கத்தில் கூந்தன்குளம் இருக்கிறது, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயம். இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து, கூழைக்கடா, பூநாரை எல்லாம் அங்கே உண்டு. கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளை ஊர்க்காரர்கள் எடுத்து வளர்க்கும் கதையைப் பெட்டியின் பின்பக்கம் அச்சிடுங்கள், பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டே படிப்பார்கள். அடுத்த பெட்டிக்குக் களக்காட்டுச் சிங்கவால் குரங்கு. உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளையே வரையச் சொல்லலாம்.

அப்புறம், உறை. கம்பில் கொழுப்பு கூடுதல் என்பதால் மாவாக்கினால் சீக்கிரம் கசந்துவிடும்; வெளிச்சமும் காற்றும் பட்டால் இன்னும் வேகமாகக் கெடும். உள்ளே இருப்பது தெரியட்டும் என்று கண்ணாடிக் கவரில் போடாமல், வெளிச்சம் புகாத உள்ளுறையில் அடைக்க வேண்டும். சர்க்கரை அளவும் காலாவதித் தேதியும் தமிழில், பாட்டிமாரும் படிக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும்.

இதற்கான வடிவமைப்புப் பயிற்சியை மகளிர் திட்டம் வழியாக மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

- ஒரு வாசகர், பாளையங்கோட்டை